இசை நாடகமும் அரங்கேற்ற உரிமையும்

முத்தமிழுள் நாடகம், இயலையும் இசையையும் தன்னகத்தே கொண்டது. ஆதலின் ஓர் இசை நாடகத்திற்கு உரிமையாளர் ஒருவரே எனல் பொருந்தாது. உரையாடல் எழுதியவர், பாடல் இயற்றியவர், மெட்டமைத்தவர் எனப் பலர் அதற்கு உரியராவர். பிறர் தோட்டத்து ஏலக்காயை இசைவின்றிப் பறித்தல் தவறென்பதைப் போடிநாயக்கனூர் மலைச்சரிவில் சிறுவரும் அறிவர். பிறர் பாட்டை இசைவின்றி மேடையேற்றுதலும் அத்தகையதே என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பள்ளியில் இசை நாடகம் நடத்த முனைவோர் அறிய வேண்டுவன ஈண்டுக் கூறப்படுகின்றன.

பாரதியார் பாடல் வழக்கு

பாரதியார் 1921இல் மறைந்தார். அவர்தம் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை கைமாறி, ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் 1948இல் வெளியான ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியார் பாடலொன்றைச் சேர்த்தபோது வழக்கு எழுந்தது. மக்கள் கவிஞரின் பாட்டு தனியொருவர் உடைமையாகலாமா என்று அறிஞர்கள் வினவினர். 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையைப் பெற்றது. செட்டியார் பொருள் பெறாமலே விட்டுக்கொடுத்தார். பின்னர் அப்பாடல்கள் பொதுமக்களுக்கே உரியவாயின. ஆசிரியர் மறைந்த பின்னும் உரிமை மறைவதில்லை என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

சட்டம் கூறுவது

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியரின் வாழ்நாளும் அவர் மறைந்த ஆண்டின் இறுதியிலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ முதலியவற்றை எவரும் நடிக்கலாம். பாரதிதாசன் நூல்களைப் போல் அரசு நாட்டுடைமையாக்கியவற்றுக்கும் தடையில்லை. எனினும், பாட்டு பொதுவானது என்பதால் மெட்டும் பொதுவாகிவிடாது. பாரதியார் பாடலுக்கு அண்மையில் ஒருவர் அமைத்த மெட்டு அவருக்கே உரியது.

அச்சட்டத்தின் 52ஆம் பிரிவு கல்விக்கூடங்களுக்குச் சலுகை தருகிறது. நிறுவனச் செயற்பாட்டின் பகுதியாக ஆசிரியரும் மாணவரும் நடிக்க, அவர்களும் பெற்றோரும் காப்பாளரும் நிறுவனத் தொடர்புடையோருமே காண்பாராயின் இசைவு வேண்டுவதில்லை. அதே நாடகத்தை ஊர் மண்டபத்தில் நுழைவுச்சீட்டு விற்றுப் பொதுமக்களுக்குக் காட்டினால் இச்சலுகை துணை நில்லாது. கட்டட நிதிக்காக என்னும் நல்நோக்கமும் அதனை மாற்றாது.

இசைவு பெறும் முறை

முதலில் உரிமை யாரிடம் உள்ளதென அறிதல் வேண்டும். நூலின் முகப்புப் பக்கங்களில் அக்குறிப்பு பெரும்பாலும் இருக்கும். ஆசிரியரின் வழித்தோன்றல்களோ பதிப்பகமோ உரிமை பெற்றிருக்கலாம். நாடகத்தின் பெயர், நாள், இடம், காட்சிகளின் எண்ணிக்கை, கட்டணம், செய்ய விரும்பும் சுருக்கங்கள் ஆகியவற்றைக் குறித்து மடல் எழுதுக. விடையை எழுத்து வடிவில் பெறுக. வாய்மொழி இசைவு பின்னாளில் சான்றாகாது. ஒத்திகை தொடங்குமுன் இதனைச் செய்தல் நன்று. பிள்ளைகள் பல வாரம் பயின்றபின் மறுப்பு வரின் அவர்தம் உள்ளம் சோரும். ஆசிரியர் பெயரை அழைப்பிதழில் அச்சிடுதலும் நம் கடன்.

இன்று மேடையில் பாடும் மாணவருள் ஒருவர் நாளை நாடகம் இயற்றலாம். தம் படைப்பைப் பிறர் எவ்வாறு போற்ற வேண்டுமென அவர் விரும்புவாரோ, அவ்வாறே பிறர் படைப்பைப் போற்றப் பள்ளி மேடையிலேயே அவர் பழகுதல் வேண்டும்.