எழில் மொழியில் ஒரு சிறு கால்குலேட்டர்

கம்ப்யூட்டர் சொன்னால் கணக்கு சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்தேன். முதல் புரோகிராமே அந்த நம்பிக்கையை உடைத்தது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு உதவும் என்பதால் அதையே பாடமாகத் தருகிறேன்.

பொள்ளாச்சி பக்கம் எங்கள் தோப்பில் 90 தென்னை மரங்கள். இரண்டு பறிப்புகளில் 1200, 1500 காய்கள் கிடைத்தன. ஒரு மரத்துக்குச் சராசரி எத்தனை? இதற்கு எழில் மொழியைத் தேர்ந்தெடுத்தேன். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய இம்மொழி பைத்தான் துணையுடன் இயங்குகிறது. இதுபற்றிய அவரது கட்டுரை 2009-ல் வெளிவந்தது. கட்டளைகள் தமிழிலேயே இருப்பதால் பயமில்லை. நான் டைப் செய்தது இது:

முதல்காய் = 1200
மறுகாய் = 1500
மரம் = 90
விடை = முதல்காய் + மறுகாய் / மரம்
பதிப்பி விடை

'பதிப்பி' என்றால் திரையில் காட்டு என்று பொருள். 1216 என்று தொடங்கும் விடை வந்தது. பெருமையாக அப்பாருவிடம் காட்டினேன்.

"ஏங் கண்ணு, ஒரு மரத்துல ஆயிரத்து எரநூறு காயா? மரம் ஒடிஞ்சு போயிராது?" என்று சிரித்தார்.

காரணம், பள்ளியில் படித்த விதிதான். வகுத்தல் முதலில், கூட்டல் பிறகு. எனவே 1500 மட்டும் வகுபட்டு, அதோடு 1200 கூடிவிட்டது. கூட்டலை அடைப்புக்குறிக்குள் போட்டதும் 30 என்ற சரியான விடை வந்தது.

அடுத்து புதுத் தோப்பு. அங்கே காய்க்கும் மரம் 0. பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொன்னால் புரோகிராம் பிழை காட்டி நின்றுவிடும். ஆகவே கடைசி இரண்டு வரிகளை இப்படி மாற்றினேன்:

@( மரம் == 0 ) ஆனால்
    பதிப்பி "காய்க்கும் மரம் இல்லை"
இல்லை
    விடை = ( முதல்காய் + மறுகாய் ) / மரம்
    பதிப்பி விடை
முடி

நிபந்தனை பொருந்தினால் முதல் செய்தி. பொருந்தாவிட்டால் 'இல்லை'க்குக் கீழே உள்ள வரிகள் இயங்கும். 'முடி' என்பதை மறக்காதீர்கள்.

இரண்டு தவறுகளில் எது மோசம்? பிழை காட்டி நிற்பது உடனே கண்ணில் படும். தவறான விடையைச் சத்தமில்லாமல் தருவதுதான் ஆபத்து. அதை நம்பித் தோப்பைக் குத்தகை பேசியிருந்தால் நஷ்டம் எங்களுக்குத்தான்.

எனவே எந்தப் புரோகிராம் எழுதினாலும், விடை தெரிந்த ஒரு கணக்கை முதலில் கொடுத்துச் சோதியுங்கள். அப்பாருவுக்குக் கீபோர்டு தெரியாது. ஒரு மரம் எவ்வளவு காய்க்கும் என்று தெரியும். உங்கள் வீட்டுப் பால் கணக்கையும் இதே முறையில் எழுதிப் பாருங்கள்.