நெட் பிளானை மாத்துறதுக்கு முன்னாடி அப்லோடு கணக்கைப் பாருங்க

போன மாசம் 19-ம் தேதியே எங்க வீட்டு நெட்ல 500 ஜிபி லிமிட் முடிஞ்சு, வேகம் படுத்துடுச்சு. போன் பண்ணினா, "பெரிய பிளானுக்கு மாறிடுங்க சார், மாசம் 300 ரூபாதான் கூட வரும்"னு சொன்னாங்க. 18% ஜிஎஸ்டி சேர்த்தா 354. வருஷத்துக்கு 4,248 ரூபாய்! வீட்ல இருக்கிறதே ரெண்டு பேர். பகல் முழுக்க ரெண்டு பேருமே ஆபீஸ்ல. அப்புறம் யார் இவ்வளவு டேட்டாவைத் தின்னது?

பணம் கட்டுறதுக்கு முன்னாடி, நெட் கம்பெனி ஆப்ல யூசேஜ் பக்கத்தைத் திறந்தேன். டவுன்லோடு 290 ஜிபி, அப்லோடு 210. அங்கதான் பொறி தட்டுச்சு. படம் பார்க்கிறது, ரீல்ஸ் தள்ளுறது எல்லாமே டவுன்லோடு. அப்லோடு இப்படி ஏறுதுன்னா, வீட்டிலிருந்து ஏதோ ஒண்ணு ராத்திரி பகலா வெளியே அனுப்பிக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். எங்க பிளான்ல ரெண்டையும் சேர்த்துத்தான் லிமிட்.

ஸ்மார்ட் பல்பு, பிளக் மேல சந்தேகப்பட வேண்டாம். அதெல்லாம் ஆன், ஆஃப் மாதிரி துணுக்குத் தகவல்தான் அனுப்பும். கேமரா அப்படியில்ல. நிக்காம 1 எம்பிபிஎஸ் அனுப்பினாலே மணிக்கு 450 எம்பி, ஒரு நாளைக்கு 10.8 ஜிபி. 19 நாளுக்குப் பெருக்கிப் பாருங்க, 205 ஜிபி!

வாசல் கேமராவை மாட்டினப்போ 'முப்பது நாள் இலவச கிளவுட்'னு வந்ததுக்கு யோசிக்காம ஓகே கொடுத்திருந்தேன். அதோட 24 மணி நேர ரெக்கார்டிங்கும் ஆன் ஆயிருக்கு. இதுல கொடுமை, இலவசம் முடிஞ்சதும் மாசம் 199 ரூபாய் எடுக்க ஆட்டோபேவும் போட்டு வெச்சிருக்கேன்.

உறுதிப்படுத்த ஒரு நாள் கேமரா பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். அன்னைக்கு அப்லோடு 1 ஜிபி கூட வரலை. இப்போ அசைவு இருந்தா மட்டும் ரெக்கார்டிங், அதுவும் மெமரி கார்டுலதான். திருடன் கேமராவையே கழட்டிட்டா கார்டும் சேர்ந்து போயிடும், உண்மைதான். எங்க அபார்ட்மென்ட்ல வாட்ச்மேன் இருக்காரு, எனக்கு இது போதும். தனி வீடுன்னா அசைவு கிளிப் மட்டும் கிளவுடுக்குப் போற மாதிரி வெச்சுக்கோங்க.

உங்களுக்கு டவுன்லோடுதான் எகிறுதா? டிவி பக்கம் போங்க. டிவியை அணைச்சாலும் பின்னாடி சொருகின ஸ்டிக்ல படம் ஓடிக்கிட்டே இருக்கலாம். நெட்ஃப்ளிக்ஸ்ல எச்டின்னா மணிக்கு 3 ஜிபி வரை போகும், 4கேன்னா 7 வரை. ரெண்டும் இல்லைன்னா வைஃபை பாஸ்வேர்டை மாத்திட்டு ரெண்டு நாள் பாருங்க. பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து நீங்க கட்டிக்கிட்டு இருக்கலாம்.

பிளானை நான் மாத்தலை. ஆட்டோபேவை அன்னைக்கே கேன்சல் பண்ணிட்டேன்.