அச்சுக்கு அனுப்பும் நிழற்படம்

புதுவையை அடுத்த நெசவாளர் சங்கம் ஒன்று, தன் சேலைகளின் நிறமும் கரையும் வெளியூரார்க்கும் தெரியவேண்டும் என விரும்பி, படங்களுடன் விலைப்பட்டியல் ஒன்று அச்சிட்டது. கைப்பேசியில் எடுத்த படங்களை வாட்ஸ்அப் வழியாக அச்சகத்துக்கு அனுப்பினர். திரையில் அவை கண்ணைப் பறித்தன. அச்சாகி வந்தபொழுதோ, கரையின் கொடிவேலை கலங்கியிருந்தது. நீலச் சேலை ஊதாவாகத் தோன்றியது. பிரதிகள் இன்றும் அலமாரியில் அடுக்கியபடியே உள்ளன. இதற்கு அச்சகத்தாரைக் குறைகூற நாம் முன்வரவில்லை. பிழை படம் அனுப்பிய நம்மவருடையது.

நெசவறிந்தார்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். ஒரு பாவில் 2,400 இழைகள் உள்ளன எனக் கொள்வோம். 40 அங்குல அகலத்தில் அவை அங்குலத்துக்கு 60 இழையாக நின்று துணியாகும். அவற்றையே 120 அங்குலத்துக்குப் பரப்பினால், அங்குலத்துக்கு 20 இழைதான். அது துணியன்று, சல்லடை. நிழற்படத்துக்கு இழை போன்றவை பிக்சல் எனப்படும் புள்ளிகள். நல்ல தாளில் அச்சிட அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். ஏ4 தாளின் முழுப் பக்கத்துக்கு 2,480 புள்ளி அகலமும் 3,508 புள்ளி உயரமும் தேவை. இன்றைய கைப்பேசிகள் பலவும் 4,000க்கு 3,000 புள்ளிகள் தருகின்றன, அது போதும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் பெரும்பாலும் நீளப்பக்கம் 1,600 புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடும். ஐந்தங்குலத்துக்குச் சற்றே மேற்பட்ட அளவுக்குத்தான் அது தாங்கும். ஆகவே படமாக அனுப்பாது, டாக்குமென்ட் என்னும் வகையில் அனுப்புக, புள்ளி குறையாது.

300 என்ற கணக்கு எவ்வாறு வந்தது? அச்சுப் படத்தை உருப்பெருக்கியால் நோக்கினால், வரிசை வரிசையாகச் சிறு மைப்பொட்டுகள் தெரியும். செய்தித்தாளில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 85 வரிசை. வழவழப்பான தாளில் 150. வரிசைக்கு இரண்டு புள்ளி என்பது பழகிய கணக்கு. எனவே செய்தித்தாளுக்கு 170 போதும். தூரத்திலிருந்து காணும் பெரிய விளம்பரத் தட்டிக்கு அதனினும் குறைவே போதும்.

சிலர் கணினியில் 72 என்றிருப்பதை 300 என மாற்றிவிட்டு, படம் சீராயிற்று என எண்ணுகின்றனர். நூல் சிட்டத்தின் சீட்டில் 40 என்பதை அழித்து 80 என்றெழுதினால் நூல் மெலிந்துவிடுமா? கணினி புதுப் புள்ளிகளை இட்டு நிரப்பினாலும், அவை ஊகமேயன்றிக் கண்ட காட்சியல்ல. ஜேபெக் வகைப் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தாலும் ஒவ்வொரு முறையும் நயம் சிறிது கெடும். திருத்தும் பிரதியை டிஃப் வகையில் வைத்துக்கொள்வது நலம்.

நீலத்தின் கதை வேறு. அவுரிச் சாயமிட்ட நீலத்துணி 19ஆம் நூற்றாண்டில் நம் புதுவையிலிருந்து ஆப்பிரிக்காவின் செனகலுக்குக் 'கினே' என்னும் பெயரில் கப்பலேறியது. அத்தகைய ஊரின் நீலமே அச்சில் ஊதாவாவது வருந்தத்தக்கது. திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் காட்டுகிறது. பளிச்சிடும் நீலங்கள் பல அந்த மைகளுக்கு எட்டாதவை. நாமே நான்கு வண்ணத்துக்கு மாற்ற முயலாமல், எந்த அமைப்பு வேண்டும் என அச்சகத்தாரையே கேட்பது நன்று. படத்துடன் அதே துணியின் துண்டு ஒன்றையும் கொடுத்து, மாதிரிப்படியைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கையொப்பமிடவேண்டும்.

கட்டம்போட்ட கைலிகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நீரலை போன்ற கோலம் தோன்றுமன்றோ? நுண்ணிய கட்டங்களும் படக்கருவியின் புள்ளி வரிசையும் மோதும்பொழுது அதே கோலம் விழும். தூரத்தையோ கோணத்தையோ சிறிது மாற்றி மறுபடி எடுத்தால் பெரும்பாலும் நீங்கும்.

உழவர்க்கும் இதில் பங்குண்டு. நெல்லின் குலைநோய்ப் புள்ளி கண் வடிவினது, நடுவே சாம்பல் நிறத்தது. செம்புள்ளி நோயின் புள்ளி நீள்வட்டமானது, பழுப்பு நிறத்தது. புள்ளி குறைந்த படத்தில் இரண்டும் ஒரே கறையாகிவிடும். துண்டுப்பிரசுரத்தில் அதைக் கண்டு ஒருவர் தவறான மருந்தைத் தெளித்தால் நட்டம் அவருக்கே.

நம் நகரின் செயின்ட் லூயி வீதியில், 1955இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், தென்னாட்டுக் கோயில்களின் நிழற்படங்கள் ஓர் இலட்சத்துக்கும் மேலாகத் தொகுக்கப்பட்டுள்ளன. மூலம் காக்கப்பட்டமையால், பல ஆண்டு கழித்தும் அவற்றிலிருந்து வேண்டிய அளவில் புதுப் பிரதி எடுக்க இயல்கிறது. முன்சொன்ன சங்கத்தாரோ, கைப்பேசியில் இடமில்லையென்று மூலப் படங்களை அழித்துவிட்டனர். சேலைகளுள் பல விற்றுப்போயின. அக்கொடிக்கரையை நெய்த முதியவரும் தறியை விட்டுவிட்டார். எஞ்சிய சேலைகளை மட்டும் இப்பொழுது மறுபடி படமெடுத்து வருகின்றனர்.