வீட்டில் நடந்த மரணம் கிரயத்தை முறிக்குமா?

கேள்வி: ஐயா, மதுரையில் ஒரு தனி வீட்டைச் சில மாதங்களுக்கு முன் கிரயம் வாங்கினோம். பால் காய்ச்சிக் குடிவந்த பிறகுதான், விற்றவரின் தம்பி மாடி அறையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டவர் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். என் மாமியார் மாடிப்படி ஏறவே மறுக்கிறார். விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிரயத்தை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?
— வாசகி, மதுரை

பதில்: விற்றவர் வாயைத் திறக்கவில்லை என்பதை மட்டும் வைத்து நீதிமன்றம் கிரயப் பத்திரத்தை ரத்து செய்யும் என்று நான் நம்பவில்லை. நீங்கள் நேராகக் கேட்டு, அவர் பொய் சொல்லியிருந்தால் நிலைமை வேறு. இந்த இரண்டையும்விட அவசரமான ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது; நீங்கள் அதைக் கேட்கவில்லை. இறந்துபோன தம்பிக்கு அந்த வீட்டில் பங்கு இருந்ததா?

முதலில் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 55-ஆவது பிரிவுப்படி, தனக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் அது மோசடி. ஆனால் அந்தக் குறை சொத்தில் இருக்க வேண்டும், அல்லது சொத்தின் உரிமையில் இருக்க வேண்டும். பூசி மறைத்த விரிசலும் இறங்கிப்போன அஸ்திவாரமும் அப்படிப்பட்டவை. ஒருவர் இறந்த அறை, அவர் இறந்ததால் குடியிருக்கத் தகுதியற்றதாகிவிடுவதில்லை. இன்னொரு பக்கம், இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 17-ஆவது பிரிவின் விளக்கம், ஒருவரின் விருப்பத்தைப் பாதிக்கக்கூடிய செய்தியே ஆனாலும் அதைச் சொல்லாமல் இருப்பது மட்டும் மோசடி ஆகாது என்கிறது. பேச வேண்டிய கடமை இருந்தால், அல்லது மௌனமே பேச்சுக்குச் சமமாக இருந்தால் மட்டும்தான் விலக்கு. அதோடு, 19-ஆவது பிரிவின்படி, மௌனமே மோசடி என்று வைத்துக்கொண்டாலும், சாதாரண முயற்சியில் உண்மையை அறிய வழி இருந்தவர் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்திருந்த செய்தி இது. முன்பே விசாரித்திருந்தால் தெரிந்திருக்குமே என்று எதிர்த் தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே கேட்பார்.

“தெரிந்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டோமே, அதுதானே முக்கியமான குறைக்கு அடையாளம்?” என்று நீங்கள் கேட்கலாம். வலுவான ஆட்சேபம்தான். சந்தையில் அந்த வீட்டின் விலை குறையும் என்பதும் உண்மை. ஆனால் விலை குறைவதற்குக் காரணம் வீட்டில் இல்லை, வாங்குபவர்களின் அச்சத்தில் இருக்கிறது. அந்த அச்சத்தைச் சட்டம் குறையாக ஏற்றுக்கொண்டால் எல்லையை எங்கே போடுவது? நம் ஊரில் ஒரு தலைமுறை பழைய வீடு எதை எடுத்தாலும் அதில் யாராவது கண்ணை மூடியிருப்பார்கள். இனி மருத்துவம் இல்லை என்று தெரிந்ததும், சொந்த வீட்டில் உயிர் போகட்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வருவது இன்றும் வழக்கம். தாத்தா போனது கல்யாணச் சாவு, இது அகால மரணம், இரண்டும் ஒன்றா என்று உங்கள் மாமியார் கேட்பது நியாயமே. மனசுக்கு இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அந்த மரபையே முழுதாகப் பாருங்கள். தனிஷ்டா பஞ்சமி என்று சொல்லி, அவிட்டம் முதலான நட்சத்திரங்களில் சாவு விழுந்தால் அறையைச் சில மாதம் அடைத்துவைக்கும் குடும்பங்கள், கெடு முடிந்ததும் பரிகாரம் செய்து திறந்து அதே அறையில் வாழ்கின்றன. சாவு விழுந்த அறையை என்றைக்குமாகத் தள்ளிவைக்க மரபே சொல்லவில்லை. மரபு முடித்துவைத்ததை நீதிமன்றம் எதற்காக நீட்டிக்க வேண்டும்?

வெளிநாட்டில் சட்டம் இருக்கிறதே என்று சிலர் காட்டுவார்கள். இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 3 ஆண்டுகளுக்கு முந்தைய மரணத்தைத் தானாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாங்குபவர் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. ஜப்பான் அரசு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இயற்கை மரணத்தைச் சொல்லத் தேவையில்லை என்கிறது. தற்கொலை போன்றவற்றுக்கு வாடகை வீடுகளில் ஏறத்தாழ 3 ஆண்டு என்று கெடு வைக்கிறது. நியூயார்க்கில் 1991-இல், பேய் வீடு என்று பெயரெடுத்த ஒரு வீட்டின் விற்பனையை முறிக்க நீதிமன்றம் அனுமதித்தது உண்மை. ஆனால் அங்கே பேய் இருப்பதாகப் பத்திரிகைகளில் பரப்பியவரே விற்றவர்தான். வீட்டில் நடந்த மரணம் சொல்லியே தீர வேண்டிய குறை அல்ல என்று அதே மாநிலம் பின்னர் சட்டம் இயற்றியது. நம்மிடம் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. வந்தால், கேட்டவருக்கு உண்மை சொல்ல வேண்டும் என்ற அளவோடு நிற்க வேண்டும் என்பதே என் நிலை. கேளாமலேயே அறிவிக்க வேண்டும் என்றால், பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம் தன் துக்கத்தை வீடு பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் விவரிக்க வேண்டிவரும். வாடகை வீட்டில் சாவு நடந்தால், கருமாதிகூட முடியாத குடும்பத்தைக் காலி செய்யச் சொல்கிற உரிமையாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில், வீட்டில் ஒரு மரணம் நடந்தது என்பது காலி செய்யவைக்கும் காரணம் அல்ல. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி மிரட்டவும் முடியாது.

உங்களுக்கு வழக்கு இருக்கும் இடம் பொய் சொல்லப்பட்ட இடம். வாங்கும் முன் “இங்கே ஏதாவது துர்மரணம் நடந்ததா?” என்று கேட்டு, விற்றவர் தெரிந்தே “இல்லை” என்று சொல்லியிருந்தால் அது மௌனம் இல்லை, மோசடி. அப்போது, விசாரித்திருக்கலாமே என்ற வாதம் அவருக்கு உதவாது. பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்கு, உண்மை தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு கெடு. ஆனால் தெரிந்த பிறகும் மாடியை இடித்துக் கட்டுவது, வீட்டை வாடகைக்கு விடுவது போன்றவற்றைச் செய்தால், விற்பனையை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். வாய்மொழிப் பொய்யை நிரூபிப்பது எளிதல்ல என்பதையும் மறைக்க விரும்பவில்லை. தரகர் சாட்சி சொல்வாரா, வாட்ஸ்அப் செய்தி எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி அந்தத் தம்பி. அது பெற்றோர் வழி வந்த வீடு என்றால், அவருக்கும் பங்கு இருந்திருக்கலாம். அவர் இந்துவாக இருந்து உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவி, மகன், மகள், தாய் நால்வருமே முதல் நிலை வாரிசுகள். தாயை மறந்துவிட்டு எழுதப்படும் பத்திரங்கள் ஏராளம். வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களைத்தான் காட்டும். ஒருவர் இறந்ததையும் அவர் பங்கு யாருக்குப் போனது என்பதையும் காட்டாது. வாரிசுகளில் ஒருவர் கையெழுத்து விட்டுப்போயிருந்தாலும், அது 55-ஆவது பிரிவு சொல்கிற உரிமைக் குறையேதான். அங்கே விற்றவரின் மௌனம் அவரைக் காப்பாற்றாது. நாளைக்கு ஒரு விதவையோ வயதுக்கு வந்த பிள்ளையோ பாகப்பிரிவினை வழக்கோடு வந்தால், அது அவர்களுடைய நியாயமான உரிமை.

ஆகவே தாய்ப் பத்திரம், தம்பியின் இறப்புச் சான்று, தாசில்தார் தந்த வாரிசுச் சான்று, விடுதலைப் பத்திரம் ஏதும் இருந்தால் அதன் நகல் ஆகியவற்றை விற்றவரிடம் பதிவுத் தபாலில் கேளுங்கள். பக்கத்து வீட்டாரிடம் கேட்டதை வைத்து அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுத்தில் எதுவும் குற்றம் சாட்டாதீர்கள். இறந்தவரைப் பற்றிய அவதூறும், அவர் குடும்பத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால், குற்றமாகலாம். கேட்ட ஆவணங்கள் 15 நாளில் வராவிட்டால் ஒரு உரிமையியல் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புங்கள்.