பட்டமும் பெயரும்: மணவிலக்கு, மறுமணம், அரசமகளிர்

‘பட்டம்’ என்னும் சொல்லை நாம் இன்று பல பொருளில் வழங்குகின்றோம். கல்லூரி தருவதும் பட்டம். வானில் பறப்பதும் பட்டம். அரசர்க்குச் சூட்டுவதும் பட்டம். நெற்றியில் கட்டப்பெறும் பொற்றகட்டுக்கே இச்சொல் முதலில் உரியதாயிருந்தது. அதனைக் கட்டிக்கொண்ட அரசன் பட்டத்தரசன். அவனுடன் வீற்றிருக்கும் உரிமை பெற்ற தேவி பட்டத்தரசி. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அரசனுக்குப் பட்டம் குடிப்பிறப்பால் வருவது. அரசிக்கோ மணத்தால் வருவது. மணத்தால் வந்தது மணம் முறிந்தால் என்னாகும்? அவள் மீண்டும் ஒருவரை மணந்தால் என்னாகும்? அரசவையும் பொதுமக்களும் இவ்வினாவிற்கு ஒரே விடையைத் தந்ததில்லை என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

நம் கல்வெட்டுகளில் சோழமாதேவியர் ‘உலகமுழுதுடையாள்’, ‘புவனமுழுதுடையாள்’ என்றெல்லாம் போற்றப்படுகின்றனர். கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார் கணவரை இழந்த பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். செங்கற்றளிகளைக் கற்றளிகளாக மாற்றினார். அந்நாளெல்லாம் அப்பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. ஆனால் இது கைம்மையின் நிலை. கணவன் உயிரோடிருக்கப் பிரிந்து சென்ற ஒரு சோழமாதேவியைக் கல்வெட்டுகள் நமக்குக் காட்டவில்லை. ஆகவே நம் வினாவிற்கு விடைதேடி அண்மைக் காலத்திற்கு வரவேண்டியுள்ளது.

தரமணியில் ஓர் அரசி

1997 அக்டோபர் 16 அன்று தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நகருக்கு இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் வருகை புரிந்தார். ‘மருதநாயகம்’ என்னும் திரைப்படத்தின் தொடக்க விழா அது. கான் சாகிபு என்று மக்கள் அழைத்த முகம்மது யூசுப்கானின் வரலாற்றைக் கூறவிருந்த அப்படம் இன்றுவரை நிறைவுறவில்லை. கான் சாகிபை 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிட்டதில் ஆங்கிலேயக் கும்பினிக்கும் பங்குண்டு. 233 ஆண்டுகள் கழிந்து மறுநாளில் ஆங்கில நாட்டு அரசியே அவர் கதைக்கு வாழ்த்துக்கூற வந்தது வரலாறு செய்யும் வேடிக்கைகளுள் ஒன்று. அது நிற்க.

தரமணிக்கு வந்த அரசி, அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்புதான் தம் முன்னாள் மருமகளாகிய டயானாவை இழந்திருந்தார். 1996 ஆகஸ்ட் 28 அன்று சார்லசு, டயானா மணமுறிவு முடிவுற்றது. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஆகஸ்ட் 21 அன்று, அரசி ஒரு பட்டயம் பிறப்பித்தார். இளவரசரை மணந்து மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கு ‘ஹர் ராயல் ஹைனஸ்’, அதாவது ‘மேன்மை தங்கிய’ என்னும் அரச அடைமொழி இனி இல்லை என்பது அதன் சாரம். அப்பட்டயத்தில் அடைப்புக்குள் ஒரு விலக்கு வருகிறது: கைம்பெண்ணாயின் அவ்வடைமொழி அவளுக்கு நிலைக்கும், அதுவும் அவள் மறுமணம் செய்துகொள்ளும் வரையில்தான். ஆணுக்கு இத்தகைய அடைப்புக்குறி எதுவும் இல்லை. பிறப்பால் இளவரசரான சார்லசின் அடைமொழியை மணவிலக்கும் தொடவில்லை, மறுமணமும் தொடவில்லை. காற்றாடிக்கும் நாம் பட்டம் என்றே பெயரிட்டிருக்கிறோம். நூல் யார் கையில் என்பதுதான் வினா.

ஆயினும் மக்கள் அப்பட்டயத்தைப் பொருட்படுத்தவில்லை. சட்டப்படி அவர் ‘டயானா, வேல்சு இளவரசி’ என்னும் பெயரளவு வடிவத்தையே உடையவராயிருந்தார், அடைமொழி போயிற்று. ஆனால் அவர் மறைந்த செய்தியைத் தமிழ் நாளேடுகள் ‘இளவரசி டயானா’ என்றே எழுதின. தேநீர்க் கடையில் நாளேடு படித்தவர் எவரும் ‘முன்னாள்’ என்று சேர்த்துச் சொல்லி நாம் கேட்டதில்லை. எய்ட்சு நோயாளரையும் தொழுநோயாளரையும் தொட்டுப் பேசிய கை, கண்ணிவெடி புதைந்த அங்கோலா மண்ணில் நடந்த கால் ஆகியவற்றை மக்கள் கண்டிருந்தனர். அரண்மனை எடுத்துக்கொண்டதைத் தெரு திருப்பித் தந்தது எனலாம்.

இத்தகைய பறிப்பு 1996இல்தான் முதலில் நிகழ்ந்ததன்று. இருமுறை மணவிலக்குப் பெற்ற வாலிசு சிம்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணியை மணப்பதற்காக எட்டாம் எட்வர்டு 1936 திசம்பரில் முடி துறந்தார். அடுத்த ஆண்டு மே மாதம், திருமணத்திற்குச் சில நாட்கள் முன்பு, எட்வர்டுக்கு அரச அடைமொழி உண்டு, அவர் மனைவிக்கு இல்லை என்று பட்டயம் எழுதப்பெற்றது. கணவனின் தகுதி மனைவியைச் சேரும் என்ற ஆங்கில நாட்டின் பழைய வழக்கையே முறித்து எழுதப்பெற்ற ஆணை அது. அக்காலப் பொதுமக்களின் மனப்போக்கும் பெரும்பாலும் அரண்மனையின் பக்கமே நின்றது. வாலிசு 1986இல் மறையும் வரை வின்சர் கோமகளாகவே இருந்தார். ‘மேன்மை தங்கிய’ ஆகவில்லை.

கிண்டியிலிருந்து பரோடா வரை

இனி நம் ஊருக்கே வருவோம். தரமணிக்கு அண்மையிலுள்ள கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலைச் சென்னைவாசிகள் அனைவரும் அறிவர். 1943இல் சென்னைக் குதிரைப் பந்தயத்தின்போது பரோடா மன்னர் பிரதாப் சிங் கெய்க்வாடு, சீதாதேவி என்னும் பெண்மணியைச் சந்தித்தார். சீதாதேவி 1917இல் சென்னையில் பிறந்தவர்; பிட்டாபுரம் மகாராசாவின் மகள்; உய்யூர் சமீன்தாரின் மனைவி; ஒரு மகனுக்குத் தாய். மன்னருக்கும் சாந்தாதேவி என்னும் மனைவியும் மக்களும் இருந்தனர். சந்தித்த இருவரும் மணம் செய்துகொள்ள விழைந்தனர்.

இந்து மணத்தை முறிக்கச் சென்னை மாகாணத்தில் அன்று பொதுச்சட்டம் இல்லை. (1949இல்தான் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்கை அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியது, 1955இல் இந்தியா முழுமைக்கும் இந்து திருமணச் சட்டம் வந்தது.) சீதாதேவிக்கு வழக்கறிஞர்கள் ஒரு வழி காட்டினர். அவர் இஸ்லாத்தைத் தழுவினார். அதனைக் காட்டி முதல் மணத்தினின்றும் விடுதலை பெற்றார். பின்னர் மீண்டும் இந்து சமயத்திற்குத் திரும்பி அவ்வாண்டிலேயே பரோடா மன்னரை மணந்தார்.

பரோடாவிலோ இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் இருந்தது. சீர்திருத்தங்களுக்குப் பேர்போன மூன்றாம் சயாசிராவ் ஆண்ட நாடு அது. இந்துக்களுக்கு மணவிலக்குச் சட்டத்தை 1931இலேயே இயற்றிய நாடு. அந்நாட்டு மன்னரே இரண்டாம் மணம் செய்ததற்கு ஆங்கில அரசு விளக்கம் கேட்டபோது, ‘சட்டம் குடிமக்களைத்தான் கட்டும், மன்னரைக் கட்டாது’ என்பது மன்னர் தரப்பின் விடையாயிற்று. குடிமகனுக்கு ஒரு நீதி, கோமகனுக்கு ஒரு நீதி என்பதை இதனினும் வெளிப்படையாக எவரும் சொல்லியிரார். ஆங்கில அரசு மணத்தை ஏற்றது. ஆனால் முதல் மனைவியின் மகனே பட்டத்துக்கு உரியவன் என்றது. ஆளும் மன்னரின் மனைவியர்க்கு இயல்பாக வழங்கும் ‘ஹர் ஹைனஸ்’ என்னும் அடைமொழியைச் சீதாதேவிக்கு வழங்க மறுத்தது. 1937இல் இலண்டனில் ஆண்ட அதே பேரரசு, 1943இல் பரோடாவிலும் அதே கோலைக் கொண்டே அளந்தது.

இவ்விரு பெண்களும் பின்னாளில் ஒரே அணியால் பிணைக்கப்பட்டனர் என்பர். சீதாதேவி தம் காலணிகள் சிலவற்றை நியூயார்க்கு நகை வணிகர் ஆரி வின்சுடனிடம் விற்றார். அவற்றின் மரகதங்களைக் கழுத்தணியாக்கி வின்சர் கோமகளுக்கு வணிகர் விற்றார். 1957இல் ஒரு விருந்தில் அதனைக் கண்ட சீதாதேவி, இக்கற்கள் என் காலிலும் அழகாகத்தான் இருந்தன என்ற கருத்துப்படச் சொன்னாராம். கோமகள் அதனை வணிகரிடமே திருப்பிவிட்டாராம். சிலம்பின் கதையில் பயின்ற தமிழ் மாணவர்க்குக் காலணி ஒன்று அரசியின் தகுதியை அம்பலத்தில் நிறுத்துவது புதிய செய்தியன்று.

1951இல் இந்திய அரசு பிரதாப் சிங்கை நீக்கி, மூத்த மகன் பதேசிங்கை மன்னராக ஏற்றது. 1956இல் சீதாதேவியும் பிரதாப் சிங்கும் மணவிலக்குப் பெற்றனர். ஆனால் சீதாதேவி 1989இல் பாரிசில் மறையும் வரை தம்மைப் ‘பரோடா மகாராணி’ என்றே அழைத்துக்கொண்டார். 1971இல் அரசியலமைப்பின் 26ஆம் திருத்தம் மன்னர்களுக்கான அரசின் ஏற்பையும் மானியத்தையும் ஒழித்த பின்னரும் அவர் அப்பெயரைக் கைவிடவில்லை. டயானாவிடமிருந்து பறித்ததை மக்கள் கேளாமலே திருப்பித் தந்தனர். சீதாதேவியோ தாமே இறுகப் பற்றியிருந்தார், எனினும் பரோடா மக்கள் நாவில் அது ஏறவில்லை. அவர்கள் கண்டது கருவூல நகைகள் கடல் கடந்ததைத்தான். மணவிலக்கு இருவர்க்கும் பொது. மறுமணம் கூடச் சீதாதேவிக்கே உரியது. வேற்றுமை அவற்றில் இல்லை. பட்டத்தைச் சுமந்தவர் மக்களோடு கொண்டிருந்த உறவில்தான் இருக்கிறது.

சமயம் ஒரு கதவாகுமா?

இவ்வரலாற்றில் நம் சமுதாயத்தார் கூர்ந்து நோக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. சீதாதேவியின் உள்ளத்தில் இருந்ததை இறைவன் ஒருவனே அறிவான். அதில் நாம் தீர்ப்புக் கூறப் புகவில்லை. ஆனால் வழக்கறிஞர் காட்டிய வழி, ‘நிய்யத்’ என்னும் எண்ணத்தூய்மையை வினைக்கு உயிராகக் கொண்ட ஒரு மார்க்கத்தை, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் கதவாக ஆக்கிற்று. நீதிமன்றங்களும் இதனை ஒருபடித்தாக ஏற்கவில்லை. சரதுஷ்டிர சமயத்துப் பெண் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவி, இணங்காத கணவரிடமிருந்து விடுதலை கோரிய வழக்கில், மதமாற்றத்தால் மட்டும் மணம் முறியாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 1946இல் தீர்ப்பளித்தது. 1995இல் உச்சநீதிமன்றம், இந்துக் கணவர் முதல் மணம் நிலைத்திருக்கவே இஸ்லாத்தைத் தழுவி மறுமணம் செய்தால் அது செல்லாது என்றது. அத்தீர்ப்பில் பொதுச் சிவில் சட்டம் பற்றிய பகுதிகள் நம்மிடையே கசப்பை விளைத்தன. ஆயினும் நம் மார்க்கம் பிறர் மனைவியரை ஏமாற்றும் கருவியாகக் கூடாது என்னும் பகுதியில் மறுப்பதற்கு என்ன இருக்கிறது?

மணவிலக்கும் மறுமணமும் பெண்ணின் தகுதியைக் குறைக்கும் என்னும் எண்ணம் நம் மார்க்கத்தில் வேர்கொண்டதன்று. ‘மூஃமின்களின் அன்னையர்’ என்னும் பட்டத்தினும் உயர்ந்த பட்டம் முஸ்லிம் பெண்ணுக்கு இல்லை. அதனைப் பெற்ற அன்னை கதீஜா (ரலி) கணவரை இழந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மணந்தவர். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தலாக் பெற்ற பின் மணந்தவர். மேலும், நிக்காஹ் பெண்ணின் பெயரை மாற்றுவதில்லை. இன்னார் மகள் இன்னார் என்பதே இறுதிவரை அவர் பெயர். மஹரும் அவருக்கே உரியது. மணத்தால் வந்த பெயர் இல்லையாயின் மணவிலக்கில் பறிப்பதற்கும் ஒன்றுமில்லை.

கொள்கை இவ்வாறிருக்க, நம் வீடுகளில் நடப்பது வேறு. தலாக்கோ குலாவோ பெற்று, இத்தா முடிந்து தாய்வீடு வந்த பெண்ணுக்கு ‘வாழாவெட்டி’ என்னும் பட்டம் இன்றும் சூட்டப்படுகிறது. அதனை வழங்க எந்த அரசியும் பட்டயம் எழுத வேண்டியதில்லை; பறிக்கத்தான் வழி தெரியவில்லை. அவளை மணந்து பிரிந்த ஆணுக்கு இதற்கு இணையான சொல்லொன்று தமிழில் உண்டா என்று வகுப்பில் கேட்டோம். மாணவர் விழித்தனர். எமக்கும் ஒன்று அகப்படவில்லை.

மேலை நாட்டிலும் மனப்போக்கு மெல்ல மாறியிருக்கிறது. 2005 ஏப்ரலில் சார்லசை மறுமணம் புரிந்த கமிலா தாமும் மணவிலக்குப் பெற்றவர். சட்டப்படி அவரே வேல்சு இளவரசி. ஆயினும் டயானாவின் நினைவுக்கு அஞ்சி, கார்ன்வால் கோமகள் என்னும் பெயரையே வழங்கினார். சார்லசு முடிசூடினாலும் அவர் அரசியாகார் என்றும் அன்று அறிவித்தனர். பதினேழு ஆண்டுகளில் மக்கள் சினம் தணிந்தது. 2022 பிப்ரவரியில் எலிசபெத் அரசியே, கமிலா அரசியாக வேண்டும் என்று விருப்பம் தெரிவித்தார். 2023 மே 6 அன்று அவர் முடிசூடினார். மறுபுறம், 1996இல் ஆண்ட்ரூவிடமிருந்து மணவிலக்குப் பெற்ற சாரா, மறுமணம் செய்யாமல் யார்க் கோமகள் என்னும் பெயருடன் 29 ஆண்டுகள் வாழ்ந்தார். 2025 அக்டோபரில் முன்னாள் கணவர் தம் பட்டத்தை வழங்குவதைக் கைவிட்டபோது, சாராவும் பெர்கூசன் என்னும் தந்தைவழிப் பெயருக்குத் திரும்ப நேர்ந்தது. விலகி 29 ஆண்டாகியும் நூல் அங்கேயே கட்டப்பட்டிருந்தது.

இம்மலருக்காக முன்னாள் மாணவ மாணவியர் முகவரிப் பட்டியலைத் திரட்டியபோது ஒரு பிழை செய்தோம். பழைய பதிவில் இருந்தவாறே ஒரு மாணவிக்கு, ‘திருமதி’ என்று தொடங்கி, அவருடைய முதற்கணவரின் தலைப்பெழுத்தை இட்டு அழைப்பு விடுத்துவிட்டோம். அவர் அம்மணத்தினின்றும் விலகி மறுமணம் புரிந்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன. உறை திரும்பி வந்தது. வெட்கத்துடன் தொலைபேசியில் அழைத்து, இப்போதைய கணவரின் தலைப்பெழுத்தைக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, “ஐயா, நீங்கள் என் பெயரை முதன்முதலில் வருகைப் பதிவேட்டில் எப்படி எழுதினீர்களோ, அப்படியே எழுதுங்கள்” என்றார். பட்டியலில் அவர் பெயர் அவர் தந்தையாரின் தலைப்பெழுத்துடனே அச்சாகியுள்ளது.