கம்ப்யூட்டர் பாடம்: சிட்டையும் பேரேடும்

ஓட்டலில் 'ஒரு காபி' என்று மட்டும் சொன்னால் சர்க்கரை போட்டுத்தான் வரும். வேண்டாதவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இப்படி, நாம் எதுவும் சொல்லாதபோது தானாக அமைவதைக் கம்ப்யூட்டர்காரர்கள் 'டிஃபால்ட்' என்பார்கள். இணையதளம் நடத்துகிறவர்கள் இந்த ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2009-ல் நம் சங்கத்தின் இணையதளத்தை நான் கவனித்து வந்தேன். உறுப்பினர் விவரங்கள் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் இருந்தன. சந்தா வந்தால் இரண்டு இடங்களில் பதிவாக வேண்டும்: ரசீது அட்டவணையில் தொகை, உறுப்பினர் அட்டவணையில் புதிய ஆண்டு. ஒரு மாலை, முதல் பதிவு முடிந்து இரண்டாவது தொடங்குமுன் சர்வர் நின்றுவிட்டது. ரசீது ஏறியிருந்ததைப் பார்த்து, வேலை முடிந்தது என்று விட்டுவிட்டோம்.

பொதுக்குழுவன்று மூத்த உறுப்பினர் ஒருவர் கையெழுத்து ரசீதுடன் வந்து நின்றார். வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும்.

காரணம் என்ன? மைஎஸ்கியூஎல்லில் தகவலை எழுதிவைப்பதும் எடுத்துத் தருவதும் 'ஸ்டோரேஜ் எஞ்சின்' என்ற பகுதியின் வேலை. அப்போது டிஃபால்டாக இருந்த எஞ்சின் மைஐசாம். எளிமையானது, படித்துத் தருவதில் வேகமானது, இடமும் குறைவாகவே பிடிக்கும். ஆனால் ஒரு வரியைத் திருத்தினாலும் அட்டவணை முழுவதையும் பூட்டிவிடும். வேலை பாதியில் நின்றால் பாதியாகவே கிடக்கும். சில சமயம் அட்டவணையே பழுதாகிவிடும்.

மற்றொரு எஞ்சின் இன்னோடிபி. பின்லாந்தைச் சேர்ந்த ஹெய்க்கி டூரி உருவாக்கியது. அதன் முறை நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகளுக்குப் புதிதல்ல. வரவு செலவை முதலில் சிட்டையில் குறித்து, பிறகு நிதானமாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள் அல்லவா? இன்னோடிபியும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதி, பிறகே அட்டவணைக் கோப்பில் சேர்க்கிறது. சர்வர் நின்று மறுபடி எழுந்தால், குறிப்பேட்டைப் பார்த்து முடிந்ததை நிறைவேற்றும், அரைகுறையை நீக்கும். பூட்டுவதும் பெரும்பாலும் உரிய வரியை மட்டுமே.

2010 டிசம்பரில் வந்த 5.5 பதிப்பு முதல் இன்னோடிபியே டிஃபால்ட் ஆயிற்று. கட்டுரைகளுக்குள் சொல் தேடும் வசதிக்காக மைஐசாமை விடாதவர்களுக்கு, 2013-ல் வந்த 5.6 பதிப்பில் அந்த வசதி இன்னோடிபியிலும் கிடைத்தது.

ஹோஸ்டிங் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் நினைவில் கொள்ள வேண்டியவை:

1. டிஃபால்டை மாற்றினால் புதிய அட்டவணைகளுக்கே அது பொருந்தும். பழையவற்றை, நகல் எடுத்து வைத்துக்கொண்டு, நாமே மாற்ற வேண்டும்.

2. இன்னோடிபி மட்டும் போதாது. சேர்ந்தே நடக்க வேண்டிய பதிவுகளை ஒரே 'டிரான்சாக்‌ஷன்' ஆகப் புரோகிராமில் கட்ட வேண்டும். அப்போதுதான் இரண்டும் நடக்கும், அல்லது இரண்டுமே நடக்காது.

3. இன்னோடிபி தகவலை மெமரியில் வைத்துக்கொள்ளும் இடம், நாம் சொல்லாவிட்டால் 128 மெகாபைட்தான். பல தளங்கள் உள்ள சர்வரில், இருக்கும் மெமரியைப் பார்த்து அதைக் கூட்ட வேண்டும்.

4. படிப்பதற்கு மட்டுமான, போனாலும் மறுபடி உருவாக்கிக்கொள்ளக்கூடிய பட்டியல்களுக்கு மைஐசாம் இருந்தால் குற்றமில்லை. பணமும் பெயரும் உள்ள இடத்தில் வேண்டாம்.

விவரம் தெரிந்தவர் தமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்வார். கேட்கத் தெரியாதவருக்காகத்தான் டிஃபால்ட் இருக்கிறது. ஆகவே அது வேகமானதாக இருப்பதைவிடப் பத்திரமானதாக இருப்பதே முறை.

மறுநாள் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வந்து அவர் பெயரைப் பட்டியலில் ஏற்றினேன். அன்றிரவே அட்டவணைகள் எல்லாவற்றையும் இன்னோடிபிக்கு மாற்றிய பிறகுதான் படுக்கப் போனேன்.