பாலேயா, பரதமா, சினிமா ஆட்டமா? பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் ஆட ஆசைப்படும் 13, 14 வயதுப் பிள்ளைக்கு முதல் வாத்தியார் பெரும்பாலும் செல்போன்தான். கங்கையம்மன் திருவிழா, மாதா கோவில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று எந்த மேடையானாலும் ஒலிப்பது சினிமாப் பாட்டு. அதே செல்போனில் நுனிக்காலில் சுழலும் பாலே பெண்ணும் வருகிறாள். பார்த்த பிள்ளைக்கு அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும். ஆசை தப்பில்லை. எதை முதலில் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்பதைத்தான் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும்.

தூரத்திலிருந்து தொடங்குவோம். பாலே முறையாகச் சொல்லித் தருபவர் வேண்டுமென்றால் சென்னைதான். ஏரிக்கரைக் கூனங்குப்பத்திலிருந்து பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், பிறகு நகருக்குள் இன்னொரு வண்டி. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி நாளில் இது நடக்காது. ஆகப் பாலே என்பது ஞாயிற்றுக்கிழமை வித்தை. வாரத்துக்கு ஒரு வகுப்பில் பாலேயின் அடிப்படையைத் தொடலாம். பாலே கலைஞராக முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது பிள்ளைக்குச் செய்யும் மரியாதை.

"மும்பைப் பையன்கள் ஆகவில்லையா?" என்று கேட்பீர்கள். ஆனார்கள். வெல்டிங் தொழிலாளியின் மகன் அமிருத்தீன் ஷா லண்டன் ராயல் பாலே பள்ளிக்குப் போனார். டாக்சி ஓட்டுநரின் மகன் மனீஷ் சவுகான் தெருவில் பிரேக் டான்ஸ் ஆடியவர். அமெரிக்கா வரை போனார். இவர்கள் கதைதான் 2020இல் 'யே பாலே' என்ற படமானது. டெல்லியில் ரிக்‌ஷா ஓட்டுநரின் மகன் கமல் சிங் 17 வயதில், ஓர் இந்திப் படத்தில் பாலேயைப் பார்த்து மயங்கி, அதன் பிறகுதான் கற்கவே தொடங்கினார். 2020இல் இங்கிலிஷ் நேஷனல் பாலே பள்ளியில் இடம் கிடைத்தது. ஆனால் மூன்று பேருக்கும் ஒன்று பொது. பக்கத்தில் தினமும் நின்று உடம்பைச் செதுக்கிய வாத்தியார் இருந்தார்: மும்பையில் யெஹுதா மாவோர், டெல்லியில் பெர்னாண்டோ அகிலேரா. அந்தக் கதைகளில் திறமையை மட்டும் பார்க்காதீர்கள். வாத்தியார் எவ்வளவு பக்கத்தில் இருந்தார் என்பதையும் பாருங்கள்.

சரி, பக்கத்தில் பரத வாத்தியார் கிடைத்தால் பரதத்தையும் பாலேயையும் ஒரே நேரத்தில் தொடங்கலாமா? கூடாது என்பேன். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒத்துப்போகும். முழங்காலை மடக்கி நிற்கும் பரதத்தின் அரைமண்டியிலும் முழங்கால் பக்கவாட்டில் விரிகிறது, முழங்காலை மடக்கும் பாலேயின் பிளியேயிலும் விரிகிறது. இரண்டிலும் விரிப்பு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் இரண்டிலும் கெடுவது முழங்கால்தான். ஒற்றுமை அத்தோடு சரி. அரைமண்டியில் ஆடுபவர் அங்கேயே தங்கி, தரையை முழுப் பாதத்தால் தட்டுகிறார். பிளியேயில் தங்குவதில்லை, அது மேலே எழும்ப எடுக்கும் மூச்சு. குதித்து இறங்கும்போது சத்தமே கேட்கக் கூடாது. பரதத்தில் காலைத் தட்டி ஆடும் தட்டடவில் சத்தம் கேட்காவிட்டால் வாத்தியார் விடமாட்டார். கையும் அப்படித்தான்: பரதத்தின் தொடக்கக் கைநிலையான நாட்டியாரம்பத்தில் முழங்கை தோளுக்கு நேராக உறுதியாக நிற்கும், பாலேயில் கை வளைந்து மிதக்கும். முதல் இரண்டு வருடம் இவை கலந்தால் இரண்டு வாத்தியாரிடமும் திட்டு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒன்று உடம்பில் ஊறிய பிறகு மற்றதைச் சேர்த்தால் கலக்காது, ஒன்றுக்கொன்று உதவும்.

இதற்கு நம்மூரிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் கற்றது பரதம் அல்ல, பாலே. 1904இல் பிறந்தவர், 1920களின் கடைசியில் ரஷ்யக் கலைஞர் அன்னா பாவ்லோவாவைச் சந்தித்து, அவர் குழுவிலிருந்த கிளியோ நார்டியிடம் பாலே பயின்றார். உங்கள் நாட்டு நடனத்தைத் தேடுங்கள் என்று தூண்டியவரும் பாவ்லோவாதான். பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்று, 1935இல் மேடை ஏறினார். மறுவருடம் கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். பாலே அவரைப் பாலே நடனமணி ஆக்கவில்லை. ஆனால் கலாக்ஷேத்ராவின் நாட்டிய நாடகங்களில் மேடை, ஒளி, உடை, கூட்டமாக ஆடுபவர்களின் ஒழுங்கு ஆகியவற்றைப் பார்க்கும்போது அந்தக் கல்வி வீணாகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவது வித்தை இப்படித்தான் பயன்பட வேண்டும்.

நுனிக்காலில் ஆட மாட்டும் பாலேக் காலணி பற்றி ஓர் எச்சரிக்கை. பாதத்து எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் வயதில், பல வருடப் பயிற்சி இல்லாமல் அதில் ஏறக் கூடாது. ஆறு மாதத்தில் மாட்டிவிடுகிறேன் என்று சொல்லும் வகுப்பிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வீட்டுப் பயிற்சிக்கும் இடம் பார்க்க வேண்டும். மொட்டைமாடி சிமெண்ட் தரையில் தட்டலாம், அளவாக. குதிப்பது வேண்டாம், முன்னங்கால் எலும்பு வலிக்கும். கடற்கரை மணலில் ஓடலாம், சுழலக் கூடாது. பாதம் மணலில் புதைந்து நிற்க, முழங்கால் மட்டும் திருகிக்கொள்ளும்.

சினிமா ஆட்டத்தையும் ஹிப்-ஹாப்பையும் மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேர மாட்டேன். தாளத்தைக் காதில் பிடிப்பது, கூட்டத்தின் முன் கூசாமல் நிற்பது, நண்பர்களோடு வரிசை தப்பாமல் ஆடுவது எல்லாம் அங்கேதான் வருகிறது, செலவும் கிடையாது. அதை வகுப்பாக்காமல் விளையாட்டாகவே விட்டுவிடுங்கள்.

நேரத்துக்கு ஒரு கணக்கு: வாரத்தில் ஆடும் மொத்த மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. 14 வயதென்றால் 14 மணி நேரம், திருவிழா ஒத்திகையும் சேர்த்து. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு.

பணத்துக்கு வேறு கணக்கு. பாடு முறையில், அதாவது முறை வைத்து ஏரியில் மீன் பிடிக்கும் வீட்டில் தங்கள் முறை வரும் நாளில்தான் கையில் காசு. மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்கும் வகுப்பு ஒத்துவராது. வகுப்புக்கு வகுப்பு வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. பெண் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் டிக்கெட் கிடையாது என்பதையும் கணக்கில் சேருங்கள். அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்கு 2022இல் தொடங்கிய கலைத் திருவிழா இருக்கிறது. பள்ளியில் ஜெயித்தால் வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேலே போகலாம். பரதமும் கிராமிய நடனமும் அங்கே மேடை ஏறுகின்றன.

என் தீர்ப்பு இது. பொன்னேரிப் பக்கம் வாரம் இரண்டு நாள் தவறாமல் வகுப்பெடுக்கும் பரத வாத்தியார் கிடைத்தால் அதையே முதன்மையாக வையுங்கள். இரண்டு வருடம் கழித்தும் ஆசை தீரவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பாலேயைச் சேருங்கள். பாலேதான் உயிர் என்று பிள்ளை பிடிவாதமாக நின்றால், சென்னையில் தங்கிப் படிக்க உறவுக்காரர் வீடு இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிருந்து போய்வந்து அது ஆகாது. பரதத்திலேயே ஊன்றியவர்களுக்குப் பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் நான்கு வருட டிப்ளோமாவும், அடையாற்றங்கரையில் அரசு இசைக் கல்லூரியும் இருக்கின்றன. சேர்க்கை விவரங்களைப் பத்தாம் வகுப்பிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.